சர்வருக்கு வாடகை வீடு வேணும்!

பேச்சிலருக்கு வாடகை வீடு கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு ஹாஸ்டலை விட்டு வெளியே வந்தவங்களுக்குத் தெரியும். அதைவிடக் கஷ்டமான வேலை ஒண்ணு இருக்கு. சர்வருக்கு வீடு பிடிக்கறது!

எங்க காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தர் ராமநாதபுரத்துல சின்னதா வெப் ஹோஸ்டிங் பண்றார். ராமேஸ்வரம் லாட்ஜுகள், மண்டபத்துல கருவாடு வியாபாரம் பண்றவர், கீழக்கரையில ஒரு டிராவல்ஸ்னு அறுபது சொச்சம் வெப்சைட். எல்லாமே வெளிநாட்டுல ஒரு கம்பெனியோட சர்வர்ல குடியிருந்துச்சு. போன ஆடி அமாவாசைக்கு முதல் நாள் ராத்திரி அந்த சர்வர் படுத்துடுச்சு. ஆடி அமாவாசைன்னா ராமேஸ்வரத்துல ரூமுக்கு அடிதடியே நடக்கும்! லாட்ஜ்காரங்க போன்ல காய்ச்சி எடுக்கறாங்க. அண்ணன் மெயில் மேல மெயில் போடறார். பதில் வந்தது மறுநாள் மதியம். மூணு லாட்ஜ் கணக்கை முடிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க.

‘‘தம்பி, இனிமே சர்வர் நம்மளோடதா இருக்கணும். நேர்ல போய்க் கதவைத் தட்டற தூரத்துல இருக்கணும்’’னு அண்ணன் சொல்லிட்டார். இடம் தேடற வேலையில நானும் தொத்திக்கிட்டேன்.

இதுக்குப் பேரு கோ-லொகேஷன். பெட்டி நம்மளோடது. அதை வைக்க இடம், கரண்ட், ஏசி, நெட் லைன் எல்லாம் டேட்டா சென்டர்காரங்களோடது. 19 இன்ச் அகலத்துல பீரோ மாதிரி நிக்கற ரேக்கை 42 தட்டாப் பிரிச்சிருப்பாங்க. ஒரு தட்டு உயரம் 1.75 இன்ச். அதுக்குப் பேரு ‘1 யூ’. பீட்சா டப்பா சைஸ்ல இருக்கற சர்வருக்கு ஒரு தட்டு போதும். வாடகை அந்தத் தட்டுக்குத்தான்னு நினைச்சுடாதீங்க பாஸ், நிஜமான செலவு கரண்ட்டும் நெட்டும்தான்.

‘ராமநாதபுரத்துலயே ஒரு ஏசி ரூம் போட்டு வெச்சா என்ன?’னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தா உதைக்குது. கரண்ட் போனா யூ.பி.எஸ். தாங்கணும், அது தீர்றதுக்குள்ள ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகணும், அதுக்கு டீசல் வந்துக்கிட்டே இருக்கணும். ராமேஸ்வரம் தீவுக்கு ரோடு வழின்னா 1988-ல திறந்த ஒரே பாலம்தான். 2020 டிசம்பர்ல புரெவி புயல் பாம்பன் பக்கம் வந்து நகரவே மாட்டேன்னு உட்கார்ந்துக்கிச்சு. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்துல 40 செ.மீ.க்கு மேல மழை. அந்த மாதிரி நாள்ல டீசல் லாரி எப்படி வரும்? போதாக்குறைக்கு உப்புக்காத்து. நம்ம ஊர் ஜன்னல் கம்பியை அது என்ன பாடு படுத்துதுன்னு பார்த்திருப்பீங்க. சர்க்யூட் போர்டுல இருக்கற செம்பையும் வெள்ளியையும் மட்டும் சும்மா விடுமா?

எல்லாத்தையும்விடப் பெரிய மேட்டர், கேபிள். நம்மளச் சுத்திக் கடல் இருக்கே, கடலடி கேபிள் ஏன் இங்கே வரலைன்னு கேட்டா, பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல். வலையும் நங்கூரமும் இழுபடற இடம். தெற்கே மன்னார் வளைகுடா தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா. 2006-ல பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து இலங்கைக்கு கேபிள் போட்டப்போகூட, அது கிளம்பினது தூத்துக்குடியிலிருந்து! பெரிய கேபிள் எல்லாம் சென்னையிலதான் கரையேறுச்சு. 2002-ல சிங்கப்பூர்லேர்ந்து ஐ-டு-ஐ, 2005-ல சீ-மீ-வீ 4, அப்புறம் 2020-ல அந்தமானுக்குப் போன கேபிள். கேபிள் வந்த இடத்துக்கு டேட்டா சென்டரும் வந்துடுச்சு. அம்பத்தூர், சிறுசேரின்னு ஊரே சர்வர் மயம்.

இதுல எனக்கு ஒரு வயித்தெரிச்சல் உண்டு. கமுதியில 2016-ல 648 மெகாவாட் சோலார் பிளான்ட் வந்துச்சு. ராமநாதபுரம் வெயில்ல தயாராகற கரண்ட் கிரிட்ல ஏறி எங்கெங்கேயோ போகுது. கரண்ட் தர்ற மாவட்டத்துப் பசங்க வேலைக்கு சிறுசேரிக்கு பஸ் ஏறணும். 2021-ல தமிழக அரசு டேட்டா சென்டர் பாலிசி போட்டுச்சு. அடுத்த பாலிசி போடறவங்க தெற்குப் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்த்தா தேவலை.

சரி, அண்ணன் கதைக்கு வருவோம். ‘‘சென்னை தூரமாச்சேண்ணே, லோக்கல்னு சொன்னீங்களே?’’ன்னேன். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். இங்கேர்ந்து சென்னை 550 கி.மீ.ன்னு வெச்சாலும் போயிட்டு வர 6 மில்லி செகண்டுகூட ஆகாது. கேபிள் சுத்தி வளைச்சுப் போறது, நடுவுல ரூட்டர்கள்னு சேர்த்தாலும் 20-க்குள்ள முடிஞ்சுடும். அமெரிக்காவுல இருக்கற சர்வர்னா 200-ஐ தாண்டும். ஆனா இதுல ஒரு கண்டிஷன். அந்த டேட்டா சென்டர்ல பல கம்பெனி லைன் வரணும், நிக்ஸி மாதிரி எக்ஸ்சேஞ்ச்ல இணைஞ்சிருக்கணும். 2003-ல நிக்ஸி வந்ததே இதுக்குத்தான். அதுக்கு முன்னாடி, இங்கே ஒரு கம்பெனி லைன்லேர்ந்து இன்னொரு கம்பெனி லைனுக்குப் போற டேட்டாகூட வெளிநாட்டைச் சுத்திட்டு வந்த கூத்தெல்லாம் நடந்திருக்கு!

அப்புறம் ஒவ்வொரு டேட்டா சென்டருக்கா போன் போட்டோம். அண்ணன் கேட்ட கேள்விகளைக் கவனிச்சு வெச்சுக்கிட்டேன். ‘‘டயர் 3-ன்னு சொல்றீங்க, சர்டிபிகேட் கட்டடத்துக்கா, பிளானுக்கு மட்டுமா?’’ இந்தக் கேள்வியிலயே ரெண்டு பேர் திணறிட்டாங்க. டயர் 3-ன்னா வருஷத்துக்கு 1.6 மணி நேரத்துக்கு மேல படுக்கக் கூடாதுங்கறது பொதுவான கணக்கு. ‘‘ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் ஹேங் ஆனா பட்டனை அமுக்க ஆள் இருக்கா? ஒரு தடவைக்கு எவ்வளவு?’’ இதுக்குப் பேரு ‘ரிமோட் ஹேண்ட்ஸ்’. வாடகையில சல்லிசா தெரியற இடங்கள் இதுல தாளிச்சுடறாங்க. 2022-ல செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் நம்ம நாட்டுலயே வெச்சிருக்கணும். அதுக்கு எக்ஸ்ட்ரா ஹார்டு டிஸ்க் செலவையும் அண்ணன் கணக்குல சேர்த்துக்கிட்டார்.

சொந்தமா பெட்டி வாங்காம கிளவுட்ல வாடகைக்கு எடுத்தா என்னன்னு நீங்க கேக்கலாம். பத்து சைட் வெச்சிருக்கறவருக்கு அதுதான் சரி. மைக்ரோசாஃப்ட் 2015-லயே சென்னையில கடை திறந்தாச்சு. அறுபது சைட்டு, அதுவும் லாட்ஜ் போட்டோவா நிரம்பி வழியற சைட்டுன்னா, மாசாமாசம் வர்ற பில்லைப் பார்த்து அண்ணன் தலையை ஆட்டிட்டார்.

சென்னையும் வெள்ளத்துக்குத் தப்பின ஊர் இல்ல. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் அண்ணன் மறக்கல. அதனால சர்வர் அங்கே, பேக்கப் இங்கே! தினமும் ராத்திரி எல்லா சைட்டோட காப்பியும் ராமநாதபுரத்துல அவரோட ரூம்ல இருக்கற ஹார்டு டிஸ்க்குல இறங்கும். பேக்கப்புக்கு டயர் 3 எல்லாம் எதுக்கு? ஒரு நாள் கரண்ட் இல்லேன்னா அடுத்த நாள் இறங்கிக்கும்.

கடைசியில அம்பத்தூர்ல ஒரு தட்டு கிடைச்சாச்சு. ராத்திரி போட் மெயில்ல ஏறினா காலையில சென்னை. அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பறோம். லோயர் பெர்த் அண்ணனுக்கு, அப்பர் பெர்த் எனக்கு. சர்வரைப் போர்வையில சுத்தி அவர் தலைமாட்டுலயே வெச்சுக்கப் போறாராம்!