வாங்கினோம் என்றால் எந்த 'வாங்கினோம்'?

'வாங்கினோம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் கடையையே நடத்திவிடுகிறோம். சரக்கு வாங்கினோம், கடன் வாங்கினோம், லாரியில் வந்த மூட்டைகளை வாங்கி வைத்தோம். கேட்பவருக்குக் குழப்பமில்லை. கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வில்லங்கம். விலைக்கு வாங்குவது 'பை', கடன் வாங்குவது 'பாரோ', கைக்கு வந்து சேர்வது 'ரிசீவ்'. 'பாரோ' என்பதற்குப் பதில் 'லெண்ட்' என்று எழுதினால் கடன் வாங்கியவர் கொடுத்தவராகிவிடுவார்!

இதைவிடப் பெரிய கண்டம் 'அக்செப்ட்'. 'ரிசீவ்ட்' என்றால் சரக்கு வந்து இறங்கியது, அவ்வளவே. 'அக்செப்டட்' என்றால் அதை ஏற்றுக்கொண்டோம் என்று பொருள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இரண்டையும் வேறாகவே பார்க்கிறது. முன்பு பார்க்காத சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு நமக்கு உண்டு (பிரிவு 41). ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்துவிட்டாலோ, பொதுவாகத் திருப்பி அனுப்பும் உரிமை போய், நஷ்டஈடு கேட்பது மட்டுமே மிஞ்சும். பருப்பில் வண்டு இருப்பது மூட்டையைப் பிரித்த பிறகுதானே தெரிகிறது? செலானில் 'அக்செப்டட்' என்று எழுதிக் கையெழுத்திட்டவர் அதன்பின் வாதாடுவது கடினம். சும்மா வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினாலும் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

'மறுக்கிறோம்' என்பதிலும் இதே சங்கடம். பாக்கி கேட்டு வக்கீல் நோட்டீஸ் வருகிறது. பாக்கியே இல்லை என்று மறுப்பது 'டினை'. செய்யமாட்டோம் என்று மறுப்பது 'ரெஃப்யூஸ்'. 'வீ ரெஃப்யூஸ் டு பே' என்று மட்டும் எழுதினால், பாக்கி உண்டு, ஆனால் தரமாட்டோம் என்பது போல் ஒலிக்கும்.

பணம் செலுத்தியதை 'எஃபெக்ட்' என்று எழுதப்போய் 'அஃபெக்ட்' என்று எழுதுவோரும் உண்டு. பின்னதற்குப் பாதித்தோம் என்று அர்த்தம். 'பெய்டு' என்று எழுதினால் தீர்ந்தது. பதில் எழுதுகிறோம் என்பதற்கு 'ரிவர்ட்' போடுவதைச் சிலர் கேலி செய்கிறார்கள். நம் நாட்டு அலுவலகங்களில் அது ஊறிப்போன வழக்கு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இதெல்லாம் கணக்குப்பிள்ளையின் வேலை என்று சில உறுப்பினர்கள் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. கையெழுத்து முதலாளியுடையது. ஆங்கிலம் சந்தேகமானால் செலானிலேயே தமிழில் எழுதலாம்: 'சரக்கு வந்தது, பரிசோதிக்கவில்லை.' அதையே ரப்பர் ஸ்டாம்ப்பாகச் செய்து, கிடங்கில் சரக்கு இறக்கும் தம்பிகளிடம் கொடுத்துவைத்தால் இன்னும் நல்லது.