மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றினானா?

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். கணவனைப் பிரிந்து, கைக்குழந்தையோடு தாய்வீட்டுத் திண்ணையில் வந்து விழும் பெண்ணுக்கு ஊரார் வழங்கும் ஆறுதல் மொழி அது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் உன் பிள்ளையைக் கைவிடுவானா என்றும் கேட்பார்கள். காதுக்கு இனிக்கும் பேச்சு. உலையிலிட உதவாத பேச்சு! மரத்தை வைத்தவன் யார்? மேலுலகத்தில் இருப்பவனா? இல்லை, தோழர்களே, இல்லை! வைத்தவனுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, பெரும்பாலும் மாத வருமானமும் உண்டு. அவன் தண்ணீர் ஊற்றினானா, எவ்வளவு ஊற்றினான், எந்தப் படியால் அளந்தான் என்பதே நமது கேள்வி.

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்று பாருங்கள். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட இராஜகோபுரம் 236 அடி உயரத்தில் நிற்கிறது. உள்ளே சுவர்தோறும் கல்வெட்டுகள். அமுதுபடிக்கு எத்தனை நாழி அரிசி, எத்தனை உழக்கு நெய், திருவிளக்குக்கு எவ்வளவு எண்ணெய், அதற்காக விடப்பட்ட நிலம் எவ்வளவு என்று கல்லில் வெட்டி வைக்கும் வழக்கம் நம் கோயில்களில் பல நூற்றாண்டுப் பழமையுடையது. அதற்குப் படித்தரம் என்று பெயர். உண்ணாத சிலைக்கு உழக்குக் குறையாமல் கணக்கு! பசித்து அழும் பிள்ளைக்கு? அதற்குப் படித்தரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

எங்கும் எழுதப்படவில்லை. அதுதான் நாம் சொல்ல வந்த செய்தி.

நமது வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் கணக்கைச் சொல்லுவோம். பெற்றோர் பிரிந்துவிட்டனர். பல வாய்தாக்களுக்குப் பிறகு அப்பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று ஒரு நீதிமன்றம் விதித்தது. நாளொன்றுக்கு நூறு ரூபாய். அந்த நூற்றில் மூன்று வேளை உணவும் பாலும் அடங்க வேண்டும். வாடகையில் அவன் பங்கு அடங்க வேண்டும். சட்டை, செருப்பு, நோட்டுப் புத்தகம், பேருந்துக் கட்டணம், காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் அடங்க வேண்டும். "ஏன் மூவாயிரம்? ஏன் நாலாயிரம் இல்லை? எப்படிக் கணக்கிட்டார்கள்?" என்று அந்தத் தாய் நம்மைக் கேட்டார். குழாய் நிரப்பும் தொட்டிக்கும், கூட்டு வட்டிக்கும் கரும்பலகையில் விடை காட்டும் நாம், அந்தக் கேள்விக்கு விடை காட்ட இயலாமல் நின்றோம். ஏனெனில் அங்கே வழிமுறையே இல்லை. விடை மட்டும் இருந்தது.

சட்டம் என்ன சொல்லுகிறது? வெள்ளையர் ஆட்சியில் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, மனைவிக்கும் குழந்தைக்கும் மாதம் ஐம்பது ரூபாய் வரை விதிக்கலாம் என்றது. 1923இல் அது நூறாயிற்று. 1955இல் ஐந்நூறாயிற்று. 1973இல் புதுச் சட்டம் வந்தது, 125ஆம் பிரிவு வந்தது. ஐந்நூறு மட்டும் அசையவில்லை! அந்த ஐந்நூறு குடும்பம் முழுவதற்குமா, ஆளுக்கு ஐந்நூறா என்பதே வழக்காகி, ஆளுக்குத்தான் என்று 1978இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பெழுத வேண்டியதாயிற்று. 2001இல்தான் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. நாற்பத்தாறு ஆண்டுகள்! அரிசி விலை ஏறிற்று, அமைச்சர்களின் படி ஏறிற்று, ஆலயத்தின் உண்டியல் ஏறிற்று. பிள்ளையின் சோற்றுக்கான வரம்பு மட்டும் 1955லேயே நின்றுவிட்டது.

வரம்பு போயிற்று; அளவுகோல் வந்ததா? வரவில்லை. 2024 சூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவும் நீதிபதி தக்கதெனக் கருதும் தொகை என்றே சொல்லுகிறது. 1956ஆம் ஆண்டு இந்து மகவேற்பு, வாழ்க்கைப்பொருள் சட்டமோ இரு தரப்பாரின் நிலை, நியாயமான தேவை, சொத்து, வருமானம் ஆகியவற்றைக் கருதுக என்கிறது. கருதுக! எத்தனை விழுக்காடு கருதுவது? 2017இல் உச்சநீதிமன்றம், கணவனின் நிகர ஊதியத்தில் 25 விழுக்காடு மனைவிக்கு நியாயமானது என்றது. அது ஒரு வழக்கில் காட்டிய வழி. சட்டத்தின் வரி அன்று. பிள்ளைக்கென்று தனியாக அந்த வழியும் இல்லை. எனவே ஒரே சம்பளம் வாங்கும் இருவரின் பிள்ளைகள் இரு வேறு நீதிமன்றங்களில் இரு வேறு விலை பெறுகின்றனர்.

உச்சநீதிமன்றம் எதுவுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில், தாயும் தந்தையும் சம்பாதிக்கும் குடும்பத்தில், பிள்ளைகளின் செலவை வருமான விகிதப்படி இருவரும் ஏற்க வேண்டும் என்று கூறி, தந்தைக்கு இரு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்தது. இதோ கணக்கு! இதோ பகுத்தறிவு! 2020 நவம்பர் 4ஆம் நாள், நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும், இரு தரப்பாரும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்றும், மனுக் கொடுத்த நாளிலிருந்தே தொகை வழங்கப்பட வேண்டும் என்றும் நாடு முழுமைக்கும் நெறி வகுத்தனர். வரவேற்கிறோம். ஆனால் பத்திரத்தில் பொய் எழுதுபவன் என்ன ஆகிறான்? அரசு ஊழியனின் சம்பளச் சீட்டு ஒளியாது. சொந்தத் தொழில் நடத்துபவன் கடையைத் தம்பி பெயருக்கும், வண்டியைத் தந்தை பெயருக்கும் மாற்றி எழுதிவிட்டு, "கூலி வேலை, நாளைக்கு நானூறு" என்று கைகட்டி நிற்கிறான். ஒளித்ததைத் தோண்டியெடுக்கும் சுமை, வக்கீல் கட்டணத்துக்குத் தோட்டை அடகு வைத்தவள் தலையில் விழுகிறது.

தொகை விதித்த பிறகேனும் துயரம் தீருகிறதா? ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடும் மைய அரசு, பிள்ளையின் தொகை உயர வேண்டுமானால் மறுபடி மனுப் போடு என்கிறது. நிலுவையைக் கேட்க ஓராண்டு கெடு. கெடு கடந்தால் இந்தச் சட்டத்தின் வழி அடைபடுகிறது. கடன்காரனுக்கு மூன்றாண்டு கெடு தரும் நாட்டில், பாலுக்கு அழும் பிள்ளைக்கு ஓராண்டு! மகனுக்கு வயது பதினெட்டு நிறைந்தால், உடற்குறையோ மனக்குறையோ இருந்தாலன்றி, இந்தப் பிரிவு அவனைக் கைவிடுகிறது. கல்லூரி வாசலை மிதிக்கும் அதே ஆண்டில்!

மற்ற நாடுகள் என்ன செய்தன? ஜெர்மனியில் 1962 முதல் டுசல்டோர்ஃப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒருபுறம் வருமானம், மறுபுறம் பிள்ளையின் வயது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் தொகை. தந்தை தராவிட்டால், 1980 முதல் அரசே பிள்ளைக்கு முன்பணம் தந்து, பின்னர் அவனிடம் வசூலிக்கிறது. பிரிட்டனில் அடிப்படை விகிதப்படி ஒரு குழந்தைக்கு வருமானத்தில் 12 விழுக்காடு, இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 19. பிள்ளை தந்தையிடம் தங்கும் இரவுகளுக்குக் கழிவும் உண்டு. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி வாய்பாட்டின் விடையே சரியான தொகை. அதிலிருந்து விலகும் நீதிபதி காரணத்தை எழுதியாக வேண்டும்.

"மேல்நாட்டு வழக்கம், நம் பண்பாட்டுக்கு ஆகாது" என்பார்கள் சிலர். மேல்நாட்டு ரயில் ஆகும், மேல்நாட்டு மருந்து ஆகும். மேல்நாட்டுக் கணக்கு மட்டும் ஆகாதா? "வாய்பாடு எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது" என்பார்கள் வேறு சிலர். பொருந்தாத இடத்தில் நீதிபதி காரணம் எழுதி மாற்றட்டும், யார் தடுத்தது? "ஆணை நசுக்கவா?" என்று கேட்பவர்க்கும் விடை உண்டு. வாய்பாடு தந்தைக்கும் காவல்தான். அவனால் தாங்க முடியாத தொகையை ஆத்திரத்தில் யாரும் கேட்க முடியாது. அவனுக்கும் வயிறு உண்டு. முதிய பெற்றோர் உண்டு. அவையும் கணக்கில் வரட்டும். கணக்கு யாருக்கும் பகை அன்று, ஏய்ப்பவனைத் தவிர!

நமது இயக்கத்தின் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். 1929 செங்கற்பட்டு மாநாடு, மணம் என்பது ஒப்பந்தம், ஒத்துவராதபோது பிரியும் உரிமை இருவர்க்கும் உண்டு என்று முழங்கிற்று. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்த மணங்களில் பிறந்த பிள்ளைகளின் தலையில் பழிச்சொல் விழுந்தது. 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டமியற்றி அப்பழியைத் துடைத்தது. இதே திருச்சியில் 1959இல் பெரியார் நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கி, கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்தார். பிரியும் உரிமையை வென்றோம்; பிறப்பின் இழிவை வென்றோம்; கைவிடப்பட்டோரை அணைத்தோம். ஆனால் பிரிந்த பின் பிள்ளைக்கு எவ்வளவு என்ற கணக்கை நாம் எழுதினோமா? எழுதவில்லை. ஒப்பந்தத்தை முறிக்கக் கற்றுக்கொடுத்த நாம், முறிவின் ஐந்தொகையைப் போடக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தக் குறை நம்முடையது.

ஆகவே கேட்போம். மனைவியின் ஜீவனாம்சத்தோடு மூட்டை கட்டாமல், பிள்ளையின் பங்கைத் தனியே விதிக்க வேண்டும். இருவர் வருமானமும் பிள்ளையின் வயதும் கொண்ட பட்டியலைச் சட்டமாக்க வேண்டும். விலைவாசியோடு தொகை தானே உயர வேண்டும். சம்பளத்திலேயே பிடித்தம் செய்ய வேண்டும். பிடிக்க இயலாத இடத்தில் அரசு முன்பணம் தந்து, வசூல் வேலையைத் தானே பார்க்க வேண்டும். படிப்பு முடியும் வரை பங்கு தொடர வேண்டும். இது தாய்க்குத் தரும் தானம் அன்று, தந்தை காட்டும் தயவும் அன்று, பிள்ளைக்குரிய பங்கு!

திருவரங்கத்தில், அந்தக் கோபுரத்தின் எதிரே, 2006 முதல் பெரியாரின் சிலை இருக்கிறது. அதற்கு மாலை சூட்டும் இளைஞர்களே, அடுத்த முறை செல்லும்போது கையில் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். உங்கள் தெருவில் தாயோடு மட்டும் வாழும் ஒரு பிள்ளையின் ஒரு மாதச் செலவை அதில் எழுதுங்கள்: அரிசி, பால், வாடகை, பள்ளி, மருந்து. கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையோடு சட்டமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டுங்கள். கல்லில் கடவுளுக்குப் படித்தரம் வெட்டிய நாடு இது. சட்டத்தில் குழந்தைக்குப் படித்தரம் எழுதட்டும்!