ஹெரால்டைத் திட்டும் முன் கெஸலைப் பாருங்கள்

காலை நடை முடிந்து ஆர்ச் கேட் பக்கம் டீ குடிக்கும் கூட்டம் எங்களுடையது. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். பாதிப் பேர் சுரங்கம், பாதிப் பேர் அனல்மின் நிலையம். போன வாரம் பேச்சு பழைய கார்கள் பக்கம் திரும்பியது. அனல்மின் நிலைய நண்பர் ஒருவர் ஒரே போடாகப் போட்டார்.

"மாருதி வர்றதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க செஞ்சதெல்லாம் காரா சார்? வெள்ளைக்காரன் வேண்டாம்னு விட்ட அச்சை வாங்கி வந்து தகரம் தட்டினாங்க. அதிலும் உங்க ஹெரால்ட் இருக்கே, வளைவுல திரும்பினா பின்சக்கரம் மடங்கிக்கும். சொந்த மூளைன்னு ஒண்ணு இருந்துதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அங்கே சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். ஹெரால்ட் நம் வடிவமைப்பு அல்ல. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்ட்தான் அது. உருவம் கொடுத்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னைக்குப் பக்கத்தில், பெருங்களத்தூர் - வண்டலூர் சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலை 1961-ல் அதை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. 948 சிசி இஞ்சின். தனிச் சட்டம், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்த உடம்பு. கொஞ்ச வருஷத்தில் கடகடவென்று சத்தம் வரும், மழையில் ஒழுகும், துருவும் பிடிக்கும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

அதன் நல்ல குணங்களையும் சொல்ல வேண்டும். பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து இஞ்சின் வேலை பார்க்கலாம். ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். எங்கள் டவுன்ஷிப் வட்டங்களில் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நான் என் வண்டியைத் திருப்பியிருக்கிறேன்.

இனி பின்சக்கரத்துக்கு வருவோம். ஹெரால்டின் பின்பக்கம் இருந்தது 'ஸ்விங் ஆக்ஸில்'. டிஃபரன்ஷியல் சட்டத்தோடு அசையாமல் நிற்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் போகும் ஷாஃப்ட் உள்முனையில் மட்டும் மடங்கும். வெளிமுனையில் சக்கரம் ஷாஃப்டுக்குச் செங்குத்தாகவே நிற்கும். ஆகவே சக்கரம் மேலே கீழே போகும்போதெல்லாம் அதன் சாய்வு மாறும். நாலு பேர் உட்காரும் வண்டியில் ஏழு பேரை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, கால் அகட்டிய மாடு மாதிரி நிற்கும். டயரின் உள்விளிம்பு தேயும். ஆள் இல்லாத வண்டியை வேகமாக வளைத்து, பாதியில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும்.

இந்தக் கோளாறு நம் ஊர்க் கோளாறா? அதே 1959-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட சின்ன கார் செவ்ரலே கோர்வேர். பின்பக்கம் காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் இஞ்சின், அதோடு இதே ஸ்விங் ஆக்ஸில். உலகத்திலேயே பெரிய கார் கம்பெனி அது. பணத்துக்கும் சோதனைத் தடத்துக்கும் பஞ்சமில்லை. அவர்கள் முதலில் கண்ட மருந்து என்ன? முன் டயருக்கு 15 பவுண்டு காற்று, பின் டயருக்கு 26 பவுண்டு! பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? 1965-ல் ரால்ஃப் நாடர் 'எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதி, அதன் முதல் அத்தியாயத்தில் கோர்வேரைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதே 1965 மாடலில் கம்பெனி பின் சஸ்பென்ஷனை மாற்றிவிட்டது. இருந்தும் கெட்ட பேர் போகவில்லை. 1969-ல் கார் நின்றது. மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்று அமெரிக்க அரசின் ஆய்வு 1972-ல் சொன்னது. யாருக்கு என்ன பயன்?

இப்போது பெருங்களத்தூருக்கு வாருங்கள். சின்ன கம்பெனி. எதற்கெடுத்தாலும் லைசென்ஸ். 1969-ல் காரின் விலையையே அரசு நிர்ணயிக்கத் தொடங்கியது. அந்த நிலையிலும் இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டை அவர்கள் இங்கே செய்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் 'கெஸல்' வந்தது. முகம் மாறியது, பின்பக்கம் மாறியது. முக்கியமாக, ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே முழு ஆக்ஸிலைப் பொருத்தினார்கள். ஏழு பேர் ஏறினாலும் சக்கரம் நிமிர்ந்து நிற்கும். அம்பாசடர் பார்த்த எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டலாம்.

"இது பின்னோக்கிப் போனது அல்லவா?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். இல்லை. நம் சாலைக்கும், நம் சுமைக்கும், நம் மெக்கானிக்குக்கும் எது தாங்கும் என்று பார்த்துச் செய்த முடிவு அது. இன்னொன்றும் சொல்கிறேன். 1976-ல் வந்த ரோவர் எஸ்டி1 ஐரோப்பாவில் 'ஆண்டின் சிறந்த கார்' பட்டம் வாங்கியது. அந்த ஆடம்பரக் காரின் பின்பக்கத்திலும் இருந்தது முழு ஆக்ஸில்தான். அவர்கள் வைத்தால் சிக்கனம், நம் ஆள் வைத்தால் மூளையில்லாமையா?

நெய்வேலிக்காரன் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வது? ஹெரால்ட் வந்த அதே 1961-ல்தான் நம் சுரங்கத்தில் முதல் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்தைப் பார்த்தது. மேல்மண்ணை வெட்ட ஜெர்மன் பக்கெட் வீல் இயந்திரங்கள் வந்தன. இங்கே இருந்ததோ கடலூர் மணற்பாறை. பக்கெட் பற்களைத் தின்றுவிடும். பல்லை மாற்றி, பாறையை முன்கூட்டியே வெடி வைத்துத் தளர்த்தி, அந்த இயந்திரத்தை இந்த மண்ணுக்குப் பழக்கினோம். அதை நாம் சாதனை என்கிறோம், சரிதான். பெருங்களத்தூரில் செய்ததும் அதே வேலைதானே?

அப்படியானால் கம்பெனி ஏன் மூழ்கியது? லைசென்ஸ் ராஜ் கொன்றது என்பது பாதி உண்மை. கெஸல் கொஞ்சமே தயாராகி, எழுபதுகளின் பிற்பாதியில் நின்றுபோனது. மீதிப் பாதியைக் கம்பெனியே செய்தது. 1983 கடைசியில் 796 சிசி இஞ்சினோடு மாருதி வந்து, நாட்டுக்குத் தேவை சின்ன வண்டி என்று காட்டியது. சின்ன வண்டி செய்து பழகிய ஸ்டாண்டர்ட் 1985-ல் என்ன கொண்டுவந்தது? மேலே சொன்ன அதே ரோவரின் உடம்பு, உள்ளே வான்கார்ட் காலத்துக் கிழட்டு 1991 சிசி இஞ்சின். பெயர் ஸ்டாண்டர்ட் 2000. அதுவும் இரண்டு லட்சத்துக்கு மேல் விலையில்! பட்டு வேட்டி கட்டிக்கொண்டு காலில் கிழிந்த செருப்பு. மூன்று நாலு வருஷத்தில் கதவு மூடியது.

நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். சொந்த மூளையைப் பயன்படுத்தி எடுத்த முடிவு கெஸல். சொந்த மூளையை ஒதுக்கி வைத்துவிட்டு, வெளிநாட்டு மினுக்கை நம்பி எடுத்த முடிவு ஸ்டாண்டர்ட் 2000. கம்பெனியைக் குழியில் தள்ளியது இரண்டாவது முடிவு. நாமோ முதலாவதையும் சேர்த்துத் திட்டுகிறோம்.

இதில் நானும் யோக்கியன் இல்லை. 1979-ல் பழைய ஹெரால்ட் ஒன்று வாங்கி ஏழு வருஷம் ஓட்டினேன். என் பெண்ணை எல்.கே.ஜி. சேர்க்கக் கொண்டுபோனது அதில்தான். மாருதி அலாட்மென்ட் வந்ததும் ஹெரால்டை மந்தாரக்குப்பத்தில் எடைக்குப் போட்டேன். தராசில் ஏற்றும்போது மனதில் ஓர் உறுத்தலும் இல்லை. பானெட்டை முன்பக்கம் சாய்த்து, இஞ்சினைத் தனியாகத் தூக்கினார்கள். சுலபமாக வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக யோசித்துச் செய்திருந்தார்கள்.

அந்த முழு ஆக்ஸிலை வரைபலகையில் போட்டவர்கள் யார்? எந்தப் பாடப்புத்தகத்திலாவது அவர்கள் பெயர் உண்டா? கோர்வேருக்கு அமெரிக்காவில் சங்கம் வைத்து நட்டும் போல்ட்டும் சேகரிக்கிறார்கள். நமக்கு மாருதியிலிருந்துதான் வரலாறு தொடங்குகிறது.

நாளைக் காலை டீக்கடையில் நண்பரிடம் இதைப் படித்துக் காட்டப் போகிறேன். அவர் மீண்டும் சிரிக்கலாம், சிரிக்கட்டும். ஆனால் இந்த முறை நான் கூடச் சேர்ந்து சிரிக்க மாட்டேன்.