எளிய உயிரா பரமீசியம்?

அமீபாவையும் பரமீசியத்தையும் "எளிய உயிர்கள், கீழ்நிலை உயிர்கள்" என்று விலங்கியல் வகுப்பில் ஒப்புவிக்கிறோம். இதை என்னால் ஏற்க இயலவில்லை. குளத்துநீரில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பரமீசியம் ஒரே ஒரு செல்தான். ஆயினும் குற்றிழைகளால் நீந்துகிறது. பாக்டீரியாவைப் பிடித்து உண்கிறது. உட்புகும் மிகைநீரைச் சுருங்கும் நுண்குமிழால் வெளியேற்றுகிறது. தடையில் முட்டினால் பின்வாங்கி வேறு திசையில் செல்கிறது. மரபைக் காக்க ஒன்று, அன்றாட அலுவலுக்கு ஒன்று என உட்கருவே அதற்கு இருவகை!

நம் இரத்தச் சிவப்பணுவோ முதிரும்போது உட்கருவையே உதறிவிடுகிறது. உயிர்வளியைச் சுமப்பதே அதன் முதன்மை வேலை. பிரிந்து பெருகவும் வழியில்லை. ஏறத்தாழ 120 நாளில் அதன் கதை முடிகிறது. நரம்புச் செல்லைக் குளத்தில் விட்டால் பிழைக்குமா? ஒன்றில் தேர்ந்து மற்றவற்றிற்குப் பிறரை நம்பி வாழ்பவை நம் செல்கள். அந்தக் கட்டுப்பாட்டை மீறித் தன்போக்கில் பெருகும் செல்லைத்தான் புற்று என்கிறோம். பரமீசியத்துக்கோ தன்போக்கில் பெருகுவதே இயல்பு.

மேன்மை நம் உடலுக்கு உண்டு. அதன் தனிச் செல்லுக்கு அன்று. எனவே 'எளிய உயிர்' என்பதை அடித்துவிட்டு, 'ஒரே செல்லில் முழுமை பெற்ற உயிர்' என்று தேர்வில் எழுதலாமென்று இருக்கிறேன். நம் பேராசிரியர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்களோ, அறியேன்!