அடிவயிற்றைப் பாருங்கள்!

சந்தையில் மாடு பிடிக்கப் போகும் குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பார். லட்சக்கணக்கில் பணம் கொடுத்துப் பழைய மோட்டார் வாங்கப் போகும் நம்மவர்களோ, வர்ணத்தின் பளபளப்பைக் கண்டு மயங்கி அங்கேயே அச்சாரம் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வழக்கம் நல்லதன்று என்பது நமது அபிப்பிராயம்.

கதவோரத்திலும் மட்கார்டிலும் காணும் துரு தோல் வியாதி போன்றது. அவலட்சணமே தவிர பெரிய ஆபத்தில்லை. பாரத்தைத் தாங்கும் பாகங்களில் பற்றும் துருவோ எலும்புருக்கி நோய் போன்றது. முகம் களையாகவே இருக்கும். உள்ளே உடல் கரைந்துகொண்டிருக்கும்.

லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் கனத்த அடிச்சட்டம் தனியாக உண்டு. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளைக் குழாய்போல் மடித்துப் பற்றவைத்து, கூடு முழுவதையுமே சட்டமாக்கியிருக்கிறார்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் குழாய்க்குள் நீரும் சேறும் தங்கினால் துரு உள்ளிருந்தே தின்னத் தொடங்குகிறது. உப்பும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் வர்ணம் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளம் நம் கண்ணில் படும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கலாம்.

தனிச் சட்டம் இருந்தால் பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அங்கே ஓடிய டொயோட்டா டக்கோமா என்னும் சிறு சரக்கு வண்டிகளின் சட்டங்கள், காப்புப் பூச்சுப் போதாமையால் அரித்துப்போயின. 2008-ஆம் ஆண்டில் கம்பெனி, 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளின் சட்டத்துக்கு உத்தரவாதத்தை 15 வருஷமாக நீட்டியது. மிகவும் கெட்டவற்றை, மதிப்பைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது.

இங்கிலாந்தின் வருஷாந்தரப் பரிசோதனையில், ஸ்பிரிங், ஸ்டியரிங், இருக்கை வார் முதலியவை பொருந்தும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு துருவினால் நலிந்திருந்தால் வண்டி தேறாது. புட்டி பூசி மறைப்பது அங்கே செல்லாது.

நம் சாலைகளில் உப்புத் தூவுவாரில்லை. ஆனால் கடற்கரைப் பட்டணங்களில் காற்றே உப்பு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய மோட்டார்களோ அநேகம். சொந்த வண்டிகளுக்குத் தகுதிப் பரிசோதனை பொதுவாக 15 வருஷம் கழித்தே வருகிறது. அதுவரை வாங்குகிறவரேதான் பரிசோதகர்.

ஆகையால் நேயர்கள் செய்ய வேண்டியது இது. தரைவிரிப்பைத் தூக்கி ஈரமும் துருவும் உண்டா என்று பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு வண்டியை மேலே ஏற்றி, அடியிலுள்ள குழாய்களைத் திருப்புளிப் பிடியால் தட்டச் சொல்லுங்கள். கணீரென்று ஒலித்தால் நலம். பொத்தென்று ஒலித்துப் பொருக்கு உதிர்ந்தால் விலகிவிடுங்கள். ஒரு சிறு காந்தமும் கையிலிருக்கட்டும். கனமாகப் புட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. பழைய வண்டியின் அடியில் புத்தம் புதிய தார்ப்பூச்சு மின்னினால், அதையும் சந்தேகத்துடனேயே பாருங்கள்.

மோதல் நேரும்போது அதிர்ச்சியைத் தாங்கி நம் குழந்தைகளைக் காக்க வேண்டியவை இந்தக் குழாய்களே. "அடியில் பார்க்க என்ன ஸார் இருக்கிறது?" என்று விற்பவர் கேட்டால், அவசியம் குனிந்து பார்த்துவிடுங்கள்.