அளந்தபோது குழந்தை எங்கே இருந்தது?

ஐ.கியூ. பிறவியில் வந்தது, கடைசிவரை மாறாது என்று அடித்துச் சொல்பவர்களிடம் நான் அயோவாவில் நடந்ததைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவின் அந்த மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் ஓர் அநாதை இல்லம். 1930களில் ஹெரால்ட் ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர் அங்கிருந்த குழந்தைகளைச் சோதித்துவந்தார். கைக்குழந்தைகளின் தொட்டில்களைச் சுற்றித் துணி கட்டியிருக்கும்; வெளியே நடப்பது எதுவும் கண்ணில் படாது. பொம்மை கிடையாது. பால் கொடுக்கவும் துணி மாற்றவும் தாதி வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார்.

அங்கே இரண்டு பெண் குழந்தைகள், ஒருத்திக்கு 13 மாதம், இன்னொருத்திக்கு 16 மாதம். நாள் முழுக்க முனகிக்கொண்டு, உடம்பை ஆட்டியபடியே இருப்பார்கள். சோதித்ததில் ஒருத்திக்கு ஐ.கியூ. 46, மற்றவளுக்கு 35. சராசரிக் குழந்தைக்கு 100 வரும். இவர்கள் தேறமாட்டார்கள் என்று முடிவுகட்டி, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான அரசு விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து அங்கே போன ஸ்கீல்ஸுக்குக் குழந்தைகளை அடையாளமே தெரியவில்லை. ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மறுபடி சோதித்தார்: 77, 87.

மருந்தோ சிறப்புப் பயிற்சியோ எதுவும் கொடுக்கவில்லை. அந்த வார்டில் இருந்த பெண்கள் வயதில் பெரியவர்கள், மனவளர்ச்சியில் ஐந்திலிருந்து ஒன்பது வயதுச் சிறுமிகள். அவர்கள் இந்தக் குழந்தைகளை மாற்றி மாற்றித் தூக்கிவைத்துக் கொஞ்சினார்கள், பேசினார்கள். பணியாளர்கள் கடைக்குக் கூட்டிப்போய்ப் பொம்மை வாங்கித் தந்தார்கள். வேறொன்றுமில்லை.

ஸ்கீல்ஸ் இன்னும் சில குழந்தைகளை அதே போல அனுப்பவைத்தார். இப்படிப் போன 13 பேரின் சராசரி, போகும் முன் 64ஆக இருந்தது. அங்கே போன பிறகு ஏறக்குறைய 28 புள்ளி கூடியது. பிறகு பழைய பதிவேடுகளைப் புரட்டி, இல்லத்திலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளை ஒப்பிட்டார். அவர்கள் தொடங்கியது 87 அளவில். அதாவது, நன்றாக இருக்கிறார்கள் என்று விடப்பட்டவர்கள். அவர்களுக்கு 26 புள்ளி குறைந்திருந்தது.

இந்த ஆய்வை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன் போன்றவர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். எண்ணிக்கை குறைவு, கைக்குழந்தைகளுக்கு வைக்கும் சோதனையை நம்பமுடியாது என்றார்கள். அதில் நியாயம் உண்டு. இரண்டு வயதுக்குள் எடுத்த மதிப்பெண்ணை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வளர்ந்த பிள்ளைகள் விஷயம் வேறு. ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1 அன்று, 1921இல் பிறந்து பள்ளியில் இருந்த அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும், 87,498 பேருக்கு, ஒரே தேர்வு வைத்தார்கள். 66 ஆண்டுகள் கழித்து அதே தேதியில், அபர்டீன் நகரில் அவர்களில் 101 பேரை உட்காரவைத்து அதே தேர்வை எழுதச் சொன்னார் உளவியலாளர் இயான் டியரி. பதினொரு வயதில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் 77 வயதிலும் முன்னால்தான் நின்றார்கள். மாறாது என்பவர்களின் பலமான சாட்சி இது. ஆனால் ஐ.கியூ. ஒருவரை அவருடைய வயதுக்காரர்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் என்பதை மறக்கக்கூடாது. எல்லோரும் சேர்ந்து வளர்ந்தால் எண் அசையாது. அந்த முதியவர்கள் சரியாக எழுதிய விடைகள் சராசரியாகப் பதினொரு வயதில் எழுதியதைவிட அதிகம்.

சூழ்நிலையை ஓர் அரசாங்கமே மாற்றியதும் உண்டு. 1955 முதல் 1972 வரை நார்வே, ஊர் ஊராகக் கட்டாயக் கல்வியை ஏழு ஆண்டிலிருந்து ஒன்பதாக நீட்டித்தது. பிறகு ராணுவச் சோதனைக்கு வந்த 19 வயது இளைஞர்களின் மதிப்பெண்களை ஒப்பிட்டபோது, கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3.7 புள்ளி கூடியிருந்தது. பதின்ம வயதில்கூட நேரம் கடந்துவிடவில்லை.

அதனால்தான், ஒரு குழந்தைக்கு மதிப்பெண் குறைவு என்று எழுதும் தாளில் சோதித்த தேதியும், அப்போது அது எங்கே யாரோடு இருந்தது என்பதும், மறுபடி எப்போது சோதிப்பார்கள் என்பதும் கட்டாயம் இருக்கவேண்டும் என்கிறேன்.

ஸ்கீல்ஸ் போர்க்காலத்தில் அயோவாவை விட்டுப் போனார். 1960களில் திரும்பிவந்து அந்த 25 பேரையும் தேடினார். அனுப்பப்பட்ட 13 பேரில் 11 பேரைப் பிறகு யாரோ தத்தெடுத்திருந்தார்கள். பதின்மூவருமே சொந்தக் காலில் நின்றார்கள். பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்திருந்தார்கள். தங்கிவிட்ட பன்னிருவரில் பாதிப்பேர் மூன்றாம் வகுப்பைக்கூடத் தாண்டவில்லை. ஒருவர் விடலைப் பருவத்தில் அரசு விடுதி ஒன்றில் இறந்துபோயிருந்தார். நான்கு பேர் அப்போதும் அப்படிப்பட்ட விடுதிகளில்தான் இருந்தார்கள்.

அந்தப் பன்னிருவரில் ஒருவர் மட்டும் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராகி, நல்ல சம்பளம் வாங்கி, குடும்பத்தோடு வாழ்ந்தார். சிறுவயதில் அவருக்குக் காது மந்தம். அதற்காகக் காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே விடுதிப் பொறுப்பில் இருந்த அம்மா அவர்மேல் தனிப் பிரியம் வைத்திருந்தார்.