டிசம்பர் 4 கடற்படையின் பிறந்தநாளா? கொண்டாட்டத்தில் விடுபட்ட ஒரு தேதி

டிசம்பர் 4 வந்தாலே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் போர்க்கப்பல்கள் அணிவகுக்கும். கடற்படை தினம் சரி, ஆனால் அது கடற்படை பிறந்த தினம் இல்லை.

அப்போ பிறந்தநாள் எது?

கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல்கள் சூரத் அருகே வந்துசேர்ந்த 1612 செப்டம்பர் 5-லிருந்து இந்தியக் கடற்படையின் வரலாற்றைக் கணக்கிடுகிறார்கள். 1934-ல் அது 'ராயல் இந்தியன் நேவி' ஆனது. 1950 ஜனவரி 26-ல் 'ராயல்' போனது. ஆனாலும் பிரிட்டிஷ் அதிகாரிகளே தலைமையில் தொடர்ந்தார்கள். செங்கல்பட்டில் பிறந்த ஆர்.டி.கட்டாரி முதல் இந்தியத் தளபதி ஆனது 1958-ல்தான். அந்நியர் தொடங்கிய நாளைக் கொண்டாடுவதில் யாருக்குத்தான் பெருமை?

ஏன் டிசம்பர் 4?

1971 போரில் அன்றிரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. பாகிஸ்தானின் கைபர், முஹாஃபிஸ் கப்பல்கள் மூழ்கின. இந்தியத் தரப்பில் உயிரிழப்பு இல்லை. ஆனால் ஐந்தே நாளில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கடிக்கப்பட்டு 194 பேர் இறந்தார்கள். வெற்றி நாளில் அவர்களையும் நினைக்கத்தான் வேண்டும்.

கடலே இல்லாத திருச்சிக்கு என்ன சம்பந்தம்?

கராச்சியைத் தாக்கிய படகுகள் சோவியத் யூனியனிலிருந்து வாங்கியவை. இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அரியமங்கலம் தாண்டி தஞ்சாவூர் சாலையில் போனால் திருவெறும்பூர். அந்தப் பக்கம் 1966 முதல் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலையில், கப்பலுக்குள் இருந்தபடியே ரிமோட்டில் இயக்கும் 12.7 மி.மீ. துப்பாக்கிகள் கடற்படைக்காகத் தயாராகின்றன. தொழில்நுட்பம் இஸ்ரேலிடமிருந்து வந்தது. உழைப்பு நம்ம ஊருடையது.

விடுபட்ட தேதி

1946 பிப்ரவரி 18. மோசமான சாப்பாடு, நிறவெறி வசவுகளுக்கு எதிராக பம்பாயின் 'தல்வார்' பயிற்சித் தளத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கராச்சி, கல்கத்தா, சென்னை என்று அது பரவியது. 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள். தலைவர்கள் கேட்டுக்கொண்டதால் சில நாளில் சரணடைந்தார்கள். பலருக்கு வேலை போனது. சுதந்திரத்துக்குப் பிறகும் அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை.

2022 குடியரசு தின அணிவகுப்பில் கடற்படையின் அலங்கார ஊர்தி இந்த எழுச்சியைக் காட்டியது. நல்ல தொடக்கம். அதோடு நின்றுவிடக் கூடாது. டிசம்பர் 4 நாம் ஜெயித்த நாள். இந்தக் கடற்படை யாருக்கானது என்று மாலுமிகளே கேட்ட நாள் பிப்ரவரி 18. அதற்கும் காலண்டரில் ஓர் இடம் வேண்டும்.